நெரிசல் இடம்பெயர்ந்த கதை: வீட்டு ஒலிப்பதிவுக் கணினியின் நாற்பது ஆண்டுகள்

வீட்டிலேயே இசையைப் பதிவுசெய்யக் கணினி வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "எந்தச் செயலி வாங்கலாம்?" என்பதே. விடைகள் ஆளுக்கொன்றாக வரும். வேகமான செயலி வேண்டும் என்பார் ஒருவர். ஒலிக்கெனத் தனி வன்தட்டு வேண்டும் என்பார் இன்னொருவர். நல்ல ஒலி அட்டை இல்லாமல் எதுவும் நடவாது என்பார் மூன்றாமவர். நினைவகத்தை இயன்றவரை நிரப்பச் சொல்வார் நான்காமவர். இவை ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றினாலும், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பத்தாண்டில் முழு உண்மையாக இருந்தது. காரணம் மறைந்த பின்னும் அறிவுரை மட்டும் வழக்கில் நிற்கிறது. ஒலிநாடா ஒழிந்த பின்னும் கணினித் திரையில் 'ட்ராக்' என்ற சொல் வாழ்வதைப் போன்றதே இதுவும். சொல் அப்படி வாழ்வதால் கேடில்லை. அறிவுரை அப்படி வாழ்ந்தால் வாங்குபவரின் பணம் வீணாகும்.

கணினிவழி ஒலிப்பதிவின் வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது. வேலை நெரிசலுக்குள்ளாகும் இடம் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. அது முதலில் இணைப்புத் துளையில் இருந்தது. பின்னர் வன்தட்டுக்குச் சென்றது. அங்கிருந்து செயலிக்கும் இயக்க மென்பொருளுக்கும், அதன்பின் நினைவகத்துக்கும் நகர்ந்தது. இன்று பெரும்பாலான இந்திய வீடுகளில் அது கணினிப் பெட்டியைவிட்டே வெளியேறி, அறையின் நான்கு சுவர்களுக்குள் வந்து நிற்கிறது. ஆகவே எந்தப் பாகம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், நெரிசல் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். பின்வரும் பகுதிகள் அந்த இடப்பெயர்ச்சியைக் காலவரிசையில் தொடர்கின்றன.

1. கணினிக்கு முன்

ஒலிப்பதிவுக் கருவியின் எல்லை இசையின் வடிவத்தைத் தீர்மானிப்பது கணினிக் காலத்தில் தோன்றிய செய்தியன்று. 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. பாடகர் ஒரு கூம்புக் குழலை நோக்கிப் பாடவேண்டும். தட்டில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே இடம் இருந்தது. மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அந்தச் சிறு கால அளவுக்குள் சுருக்கிப் பாடினார் கௌஹர் ஜான். இறுதியில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டன. குரலுக்குரியவர் யார் என்பதை அங்குள்ளோர் அறிவதற்கு அந்த அறிவிப்பு உதவியது. தட்டின் பரப்பும் அச்சகத்தின் தொலைவும் ஒரு பாட்டின் நீளத்தையும் முடிவையும் இவ்வாறு வகுத்தன.

காந்த நாடா வந்தபின் அந்தக் கால எல்லை தளர்ந்தது. ஆனால் பல தடங்களில் பதிவுசெய்யும் நாடா இயந்திரங்கள் விலைமிக்கவை. அவை கலையகங்களில் மட்டுமே இருந்தன. கலையகத்தில் நேரத்துக்கு வாடகை உண்டு. ஒத்திகையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பாடவேண்டிய நிலை இருந்தது. 1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. சாதாரண ஒலிப்பேழையில் நான்கு தடங்களைப் பதிவுசெய்யும் கருவி அது. 1982இல் வெளிவந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' தொகுப்பு இத்தகைய கருவியைக் கொண்டு வீட்டிலேயே பதிவானது. முன்வரைவாகப் பதிந்ததையே அவர் இறுதி வடிவமாக வெளியிட்டார்.

இந்தியாவில் அதே ஒலிப்பேழை வேறொரு மாற்றத்தை நிகழ்த்தியது. பெருநிறுவனம் ஒன்றின் ஆதிக்கத்திலிருந்த இசைச் சந்தை 1980களில் நூற்றுக்கணக்கான சிறு வெளியீட்டாளர்களிடம் பரவியது. வட்டார மொழிப் பாடல்களும் பக்திப் பாடல்களும் நாட்டார் வடிவங்களும் கடைகளுக்கு வந்தன. பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட நூல் வட இந்தியாவை முன்வைத்து இதனை ஆராய்கிறது. கருவி மலிவாகும்போது கேட்கப்படும் குரல்களின் எண்ணிக்கை பெருகும் என்பது அந்தக் காலம் தரும் பாடம். கணினிப் பாகங்களைத் தேர்வது வெறும் பொழுதுபோக்குச் செய்தியாக நின்றுவிடாமல் பண்பாட்டு வரலாற்றுக்கும் உரியதாவது இதனால்தான்.

2. இணைப்புத் துளையின் காலம்

1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகர்களின் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. மிடி என்னும் பொதுநெறியின் முதல் வெளிப்படையான விளக்கம் அது. அதற்காக உழைத்த டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகளை மட்டுமே சுமக்கிறது. நொடிக்கு 31,250 பிட் என்ற மெதுவான வேகமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

1985இல் வந்த அடாரி 520எஸ்டி கணினியின் உடலிலேயே மிடி துளைகள் இருந்தன. பிற கணினிகளுக்குத் தனி அட்டையோ இணைப்புப் பெட்டியோ வாங்கவேண்டியிருந்த காலத்தில் இது பெரும் வசதி. அதன் செயலி 8 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட மோட்டோரோலா 68000. ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸ் மென்பொருளை முதலில் அடாரிக்கே எழுதியது. அன்று இசைக்கலைஞர் கணினி வாங்கும்போது செயலியின் வேகத்தைப் பொருட்படுத்தத் தேவையே எழவில்லை. எந்தப் பெட்டியில் துளை இருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது.

அந்தக் கணினி குரலைப் பதிவுசெய்ய இயலாததன் காரணத்தை ஓர் எளிய கணக்கு காட்டும். குறுந்தட்டின் தரம் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரு தடங்கள். நொடிக்கு 1,76,400 பைட் தேவைப்படும். அடாரி 1040எஸ்டியின் நினைவகம் 1 மெகாபைட். அதை முழுவதுமாக ஒலிக்கே ஒதுக்கினாலும் ஆறு நொடிப் பாட்டைக்கூட வைக்க இயலாது. எனவே இசைக்குறிப்பு வீட்டில் உருவானது. குரல் மட்டும் கலையகத்துக்குச் சென்றது.

இந்திய இசைக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மிடி, சுரங்களை 128 எண்களாக வகுத்துக்கொண்டது. அந்த எண்கள் கட்டைகளுக்கு உரியவை. கட்டைகளுக்கிடையே வழுகிச்செல்லும் கமகத்துக்கு உரியவையல்ல. சுரத்தை வளைக்க 16,384 படிகள் கொண்ட தனிக் கட்டளை உண்டு. ஆனால் அது ஒரு வழித்தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருசேர வளைக்கும். ஆகவே கமகத்தைக் குறிப்பாக எழுதுவது இயலக்கூடியதாயினும் உழைப்பு மிக்க வேலையாயிற்று. கட்டைகளுக்கு இணங்கிய மெட்டுகள் எளிதில் உருவாயின. இணங்காதவை குரலையும் வீணையையும் நம்பிக் காத்திருந்தன. 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்திருந்த பஞ்சதன் கலையகம் இரு உலகங்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. ஆயினும் திரைத்துறையின் பொருள்வளம் எல்லா வீடுகளுக்கும் வாய்ப்பதன்று.

3. வன்தட்டின் காலம்

குரலையே எண்களாக்கிச் சேமிக்கும் காலம் 1980களின் இறுதியில் தொடங்கியது. டிஜிடிசைன் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்கென 1989இல் சவுண்ட் டூல்ஸ் என்ற இரு தடக் கருவியையும், 1991இல் நான்கு தடங்கள் கொண்ட புரோ டூல்ஸையும் வெளியிட்டது. பின்னதன் விலை 6,000 டாலர். மறுமுனையில், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. அது விளையாட்டுகளுக்கானது, 8 பிட், ஒற்றைத் தடம். அதே வரிசையில் 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, குறுந்தட்டின் எண்ணளவை மலிவுக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. எண்ணளவு ஒன்றாயினும் ஒலித்தரம் ஒன்றாகவில்லை. கணினிப் பெட்டிக்குள் பல மின்குறிகைகளுக்கு நடுவே அமர்ந்திருந்த அட்டை அவற்றின் இரைச்சலையும் சேர்த்தே பதிந்தது. நல்ல ஒலி அட்டை வேண்டும் என்ற அறிவுரை வலுப்பெற்றதும், ஒலியை எண்ணாக மாற்றும் பகுதியைப் பெட்டிக்கு வெளியே வைக்கும் வழக்கம் பின்னர் பரவியதும் இதன் விளைவுகள்.

அக்காலத்தில் நெரிசல் வன்தட்டில் இருந்தது. ஒரு நிமிட இருதட ஒலிக்கு 10 மெகாபைட்டுக்குமேல் தேவை. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று 50 மெகாபைட்டை விழுங்கும். கொள்ளளவைவிடக் கடினமானது தொடர்ச்சி. அன்றைய வன்தட்டுகள் சில, வெப்பமாற்றத்துக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்வதற்காக இடையிடையே நின்று இயங்கின. கடிதம் எழுதுபவர் அதை உணரமாட்டார். ஒலி பதிபவருக்கோ அந்தக் கணத்தில் ஓடை அறுபடும். இதனால் ஒலி, ஒளிப் பதிவுக்கெனத் தனிவகை வன்தட்டுகள் விற்கப்பட்டன. இயக்க மென்பொருளுக்கு ஒரு தட்டு, ஒலிக்கு வேறொரு தட்டு என்ற அறிவுரை பிறந்ததும் இச்சூழலில்தான். ஒரே ஊசிமுனை இரு வேலைகளுக்கு இடையே ஓடிக் களைக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

இன்றைய நிலையை ஒப்பிடுவது பயன்தரும். நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் அளவில் ஒரு தடத்துக்கு 1,44,000 பைட் வேண்டும். 24 தடங்களை ஒருசேரப் பதிந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 3.5 மெகாபைட் போதும். அசையும் உறுப்பற்ற இன்றைய திடநிலைச் சேமிப்பகம் எதுவும் இதைச் சிரமமின்றிக் கையாளும். அதிலும் மிக விலையுயர்ந்த வகையைத் தேடிச் செலவிடுவதால் பதிவின் தரம் சிறிதும் உயராது.

4. செயலியின் காலம், தாமதத்தின் காலம்

1996இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட கியூபேஸ் விஎஸ்டி, எதிரொலி, சமன்செய்தல் போன்ற வேலைகளைத் தனிக் கருவிகள் இல்லாமல் கணினியின் செயலியைக் கொண்டே செய்தது. 1999இல் விஎஸ்டி நெறியின் இரண்டாம் பதிப்பு இசைக்கருவிகளையே மென்பொருளாக்க வழி திறந்தது. கலையகத்தின் அலமாரிகளில் அடுக்கியிருந்தவை செயலிக்குள் குடியேறின. வேகமான செயலி வேண்டும் என்ற அறிவுரை அப்போது முழுமையாகப் பொருந்தியது.

அதே காலத்தில் தாமதம் என்னும் புதிய சிக்கல் முன்னுக்கு வந்தது. கணினி ஒலியை மாதிரி மாதிரியாகக் கையாள்வதில்லை. இடையகம் எனப்படும் சிறு தொகுதிகளாகத் திரட்டிக் கையாளும். 1,024 மாதிரி கொண்ட இடையகம் 44,100 வீதத்தில் நிரம்ப 23 மில்லிநொடி ஆகும். உள்ளே வரவும் வெளியே செல்லவும் சேர்த்தால் இரட்டிப்பாகும். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே 46 மில்லிநொடித் தாமதம் என்பது பாடகர் தம் குரலை ஏறத்தாழ 16 மீட்டர் தொலைவிலிருந்து கேட்பதற்கு நிகர். விண்டோஸின் அன்றைய பொது ஒலிவழியில் தாமதம் இதைவிடவும் பன்மடங்கு மிகுந்திருந்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் தம் அடியைத் தாமதமாகக் கேட்டபடி கோர்வையை முடிக்க முயன்றால் காலப்பிரமாணம் தள்ளாடும். குற்றம் அவருடைய லயஞானத்தில் இல்லை.

1997இல் ஸ்டைன்பெர்க் அறிமுகப்படுத்திய ஆசியோ நெறி, இயக்க மென்பொருளின் நடுக்கட்டங்களைத் தவிர்த்து ஒலிக்கருவியோடு நேராகப் பேச வழிசெய்தது. லினக்ஸ் உலகில் பால் டேவிஸ் தொடங்கிய ஜாக், ஆர்டர் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இதே நோக்கத்தோடு வளர்ந்தன. லினக்ஸ் கருநிரலுக்கான நிகழ்நேரத் திருத்தங்களின் முதன்மைப் பகுதி நெடுங்காலம் தனித்தே பேணப்பட்டு, 2024இல் பொதுப் பதிப்பில் இணைக்கப்பட்டது.

இந்தக் காலத்தின் மையப் பாடம் ஒரு கணக்கில் அடங்கும். 48,000 வீதத்தில் 128 மாதிரி இடையகத்தை வைத்தால், கணினி ஒவ்வொரு 2.67 மில்லிநொடிக்கும் ஒரு தொகுதியை முடித்துத் தரவேண்டும். நொடிக்கு 375 கெடுக்கள். ஆயிரத்தில் ஒன்று தவறினாலும் மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு 'டிக்' ஒலி கேட்கும். பிற பணிகளில் 99.9 விழுக்காடு சிறந்த மதிப்பெண்; இங்கு அது தோல்வி. ஆகவே இசைக்கணினிக்கு வேகத்தைக் காட்டிலும் காலந்தவறாமை இன்றியமையாதது. விரைவாக ஓடும் செயலியாயினும், கம்பியற்ற இணைய அட்டையின் இயக்கி மென்பொருள் ஓரிரு மில்லிநொடி அதைப் பிடித்துவைத்தால் கெடு தவறும். வெப்பம் மிகுந்து செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டாலும் அதுவே நிகழும். விளம்பரத்தில் அச்சாகும் உச்சவேகம் சில நொடிகளுக்குரியது. கச்சேரிப் பதிவோ மணிக்கணக்கில் நடப்பது.

பல கருக்கள் கொண்ட செயலிகள் வந்தபின்னும் இந்த உண்மை மாறவில்லை. தனித்தனித் தடங்களைப் பல கருக்கள் பகிர்ந்துகொள்ள இயலும். ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த விளைவுகளை அவ்வாறு பகிர்வது அரிது. முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கும். எனவே கருக்களின் எண்ணிக்கையோடு ஒற்றைக் கருவின் திறனும் பார்க்கத்தக்கது.

5. நினைவகத்தின் காலம்

2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் இசைக்கருவிகளின் ஒவ்வொரு சுரத்தையும் பல்வேறு விசைகளில் பதிந்த ஒலித் தொகுப்புகள் பெருகின. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர், ஒவ்வோர் ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து எஞ்சியதை வன்தட்டிலிருந்து ஓடவிடும் முறையைப் பரப்பியது. 32 பிட் கணினியின் 4 ஜிகாபைட் எல்லை அப்போது தடையாக நின்றது. 64 பிட் இயக்க மென்பொருள்கள் பரவியபின் அத்தடை நீங்கியது. நினைவகத்தை நிரப்பச் சொல்லும் அறிவுரை அந்த இடைக்காலத்தின் மரபுரிமை. முழு மேற்கத்திய வாத்தியக் குழுவை மென்பொருளில் எழுப்பும் இசையமைப்பாளருக்கு அது இன்றும் பொருந்தும். ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு தம்புரா எனப் பதிபவருக்கு 16 ஜிகாபைட் தாராளம். அவர் மேலும் வாங்கும் நினைவகம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும்.

விலையுயர்ந்த வரைகலை அட்டையின் நிலையும் இதுவே. ஒலிப்பணிக்கு அது பெரும்பாலும் பயன்படாது. அதன் விசிறியோ பதிவில் கேட்கும்.

6. இந்திய வீட்டில் நெரிசல்

1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்தது. 2005க்குள் கணினிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் சுங்கவரி படிப்படியாக நீங்கியது. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக்கொள்ளும் வழக்கம் நடுத்தர வீடுகளுக்குக் கணினியைக் கொண்டுசேர்த்தது.

அந்த உடன்படிக்கையின் பட்டியலில் ஒலிவாங்கி இடம்பெற்ற விதம் மொழியியல் படித்தோர்க்கு வியப்பூட்டும். தொலைத்தொடர்புக்கென, 300 ஹெர்ட்ஸ் முதல் 3.4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் கேட்கும் சிறு ஒலிவாங்கிகளே அதில் அடங்கின. தொலைபேசிக் குரலின் எல்லை அது. சகர உரசொலியின் ஆற்றல் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது; ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் அதற்குக் கீழே. இசைக்குரிய ஒலிவாங்கிகள் பட்டியலுக்கு வெளியே நின்றன. 2015இல் விரிவாக்கப்பட்ட இரண்டாம் உடன்படிக்கை ஒலிவாங்கிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இந்தியா அதில் பங்கேற்கவில்லை. எண்களைக் கையாளும் கருவி வரியின்றி நாட்டுக்குள் வந்தது. ஒலியைக் கேட்கும் கருவிக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. இந்திய வீட்டுப் பதிவுகள் பலவற்றில் வலுவான கணினியும் மெலிந்த ஒலிவாங்கியும் அருகருகே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அடுத்தது அறை. 24 பிட் பதிவின் கோட்பாட்டு எல்லை 144 டெசிபல். 16 பிட்டுக்கு 96. ஆனால் நள்ளிரவின் அமைதியான அறையிலும் ஏறத்தாழ 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். கூரை விசிறி சுழன்றால் அது மேலும் ஏறும். விசிறியை நிறுத்தினால் வெப்பம் ஏறி, கணினியின் விசிறி வேகம்பிடிக்கும். குளிர்நாடுகளில் எழுதப்படும் அறிவுரைகளில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இருப்பதில்லை. இங்கு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நடுத்தரச் செயலியும் பெரிய, மெதுவாகச் சுழலும் குளிர்விப்பானும் உச்சவேகச் செயலியைவிடச் சிறந்த இசைக்கருவிகள். அடாரி 520எஸ்டியில் விசிறியே இல்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மின்சாரமும் பதிவுக்குள் நுழையும். நிலத்தொடர்பு சரியாக அமையாத வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் முரலொலியும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் ஒலிகளும் கேட்கும். பாடகரின் ஆதார சுருதியோடு ஒத்துப்போகாத இரண்டாவது தம்புரா அது. நல்ல மின்வழங்கிப் பெட்டி, முறையான நிலத்தொடர்பு, மின்தடை நேரத்தில் பதிவைக் காக்கும் யூபிஎஸ் ஆகியவற்றைச் செயலி ஒப்பீட்டுப் பட்டியல்கள் பேசுவதில்லை.

7. வரலாறு காட்டும் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து பணத்தைச் செலவிடும் வரிசை ஒன்று தானே உருவாகிறது. முதலில் அமைதியான அறை. தடித்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி, மெத்தை ஆகியவை எதிரொலிப்பைக் குறைக்கும். இரண்டாவது ஒலிவாங்கி. மூன்றாவது, நம்பத்தக்க இயக்கி மென்பொருளோடு வரும் வெளி ஒலி இடைமுகம். பாடகர் தம் குரலைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேராகக் கேட்கும் வசதி அதில் இருந்தால், தாமதச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கணினி அதன்பின்னரே வருகிறது. அதிலும் காலந்தவறாத செயலி, சத்தமில்லாத குளிர்விப்பு, நிலையான மின்வழங்கி, போதுமான நினைவகம், நடுத்தரச் சேமிப்பகம் என்பதே முறை. வீட்டில் ஏற்கெனவே உள்ள மடிக்கணினியே பலருக்குப் போதும். மென்பொருள் கருவிகளால் பெரும் வாத்தியக் குழுவை அமைப்பவருக்கு மட்டும் இவ்வரிசை மாறும். செயலியும் நினைவகமும் முன்னுக்கு வரும்.

களத்தில் மொழிகளைப் பதிவுசெய்யும் ஆய்வாளர்க்கும் இது பொருந்தும். கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகள் இன்றும் கேட்கக்கூடியவை. இன்று அவற்றைக் கேட்போர், பேச்சாளர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்பதைத்தான் கவனிக்கிறார்கள். ஒற்றைப் பேச்சாளரின் கதையைப் பதிவது எந்தச் செயலிக்கும் சுமையன்று. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலான தொலைவைப் பாதியாக்கினால் நேரடிக் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். அந்த ஆதாயத்தைச் செலவின்றிப் பெறலாம். முற்றிலும் கணினிக்கே ஒதுக்கப்படும் ஆய்வு நிதி, ஒலிப்பியல் ஆய்வுக்குத் தேவையான உரசொலிகளை இழந்துவிடக்கூடும். இழந்தவற்றை எந்தச் செயலியாலும் பின்னர் மீட்க இயலாது. பேசியவர் மறைந்துவிட்டால் மறுபதிவும் இயலாது.

2019இல் வெளிவந்த பில்லி ஐலிஷின் முதல் முழுத் தொகுப்பு, பெற்றோர் வீட்டின் படுக்கையறையில் பெரும்பாலும் உருவானது. 2020இல் அது ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. வீட்டில் உருவாகும் பதிவு உலகத் தரத்தை எட்டுமா என்ற பழைய ஐயம் அதோடு நீங்கியிருக்க வேண்டும். எஞ்சியுள்ள கேள்வி எளிது. கடைக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளக்கூடியது. கையிலுள்ள கைபேசியில், பாடப்போகும் அறையில், எவரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவுசெய்து, காதொலிப்பானில் கேட்டுப் பார்க்கலாம். கேட்பது மின்விசிறியா, தெருவா, மின்முரலா, சுவரின் எதிரொலியா என்பது தெரிந்துவிடும். முதல் செலவு எதற்கு என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.